ஈஜிஆர் வால்வு: ஸ்பிரேயா, கழற்றிக் கழுவலா, புதுசா, பிளேட்டா?

பழைய ஸ்விஃப்ட் டிசையர், இண்டிகா விஸ்டா, லீனியா என்று பெயர்தான் வேறு வேறு. உள்ளே ஓடுவது ஃபியட் வடிவமைத்த அதே 1,248 சிசி டீசல் இன்ஜின். 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் டாக்ஸி ஸ்டாண்டுகளில் இந்த வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் அவற்றுக்கு வரும் வழக்கமான புகார் இது: பைபாஸில் லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தால் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை, மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு. ஸ்கேனர் மாட்டினால் பி0401 என்ற பிழைக் கோடைக் (error code) காட்டும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு தொடர்பான கோடு அது.

வொர்க்ஷாப்பில் நாலு வழி சொல்வார்கள். உள்ளே படிந்த கரி போக ஒரு ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம். வால்வைக் கழற்றிக் கழுவலாம். புது வால்வு போடலாம். அல்லது ஒரு தகரத்தை வெட்டிப் பாதையையே அடைத்துவிடலாம். முதலாவது சில நூறு ரூபாயோடு முடியும், மூன்றாவது பல கார்களுக்கு ஐந்திலக்கத்தைத் தொடும். பெரும்பாலானவர்கள் இந்த விலைப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் அதே கோடு திரும்பி வருவதற்குக் காரணமும் அதுதான். வால்வு உண்மையில் என்ன நிலையில் இருக்கிறது, கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் இந்த நாலில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

பி0401 என்பதற்குப் பொருள், வண்டியின் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு புகை திரும்பி வரவில்லை என்பதுதான். வால்வு கெட்டுவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. வால்வு ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருக்க, அதற்கு அடுத்த மேனிஃபோல்டு (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) கரியால் பாதி மூடியிருந்தாலும் இதே கோடுதான் வரும். மேலே சொன்ன புகாரில் இழுவைக் குறைவையும் கரும்புகையையும் கோடோடு சேர்த்துப் பாருங்கள். வால்வு மூடியபடி மாட்டிக்கொண்டால் ஓட்டுபவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கடுமையாகும், அவ்வளவுதான். திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஐடிலில் நடுக்கம், கீழ் ஆர்பிஎம்மில் திணறல், புகை எல்லாம் வரும். ஆனால் அதற்கு வரவேண்டிய கோடு பி0402, அதாவது புகை அளவுக்கு மேல் வருகிறது என்பது. ஆகவே பி0401-ம் இருக்கிறது, வேகத்தில் மூச்சும் முட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் மேனிஃபோல்டின் மேல்தான் விழ வேண்டும். அந்த வண்டிக்குப் புது வால்வு போட்டால் போட்ட காசு வீண்.

கரி எப்படிப் பிடிக்கிறது

இன்ஜினுக்குள் எரியும் வெப்பம் மிக உயரும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறையும், எரியும் வெப்பமும் இறங்கும். ஈஜிஆரின் வேலை இது மட்டும்தான். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிப்படி டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பிஎஸ் 6-இல் அது 0.08 கிராம். ஈஜிஆர் இல்லாமல் இந்த அளவுகளுக்குள் வருவது எளிதல்ல.

புகையில் புகைக்கரி இருக்கிறது. அது மட்டும் என்றால் உலர்ந்த தூளாகப் படியும், ஊதினால் போய்விடும். சிக்கல் அடுத்த குழாயிலிருந்து வருகிறது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் அதே மேனிஃபோல்டில்தான் கலக்கிறது. கரியும் ஆயிலும் சேர்ந்தால் தார் போன்ற பசை உண்டாகும். சூடான வால்வுத் தலையில் அது காய்ந்து ஓடு போலக் கெட்டியாகும். கொஞ்சம் குளிர்ந்த மேனிஃபோல்டில் விரல் பதியும் அளவுக்கு மெத்தென்று நிற்கும். கழற்றிப் பார்த்தால் வட்டத் துளை நட்சத்திர வடிவமாகச் சுருங்கியிருக்கும். ஒரு ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்டினால் ஈரக் களிமண் போல உருண்டு வரும்.

எந்த ஓட்டத்தில் இது அதிகம் சேரும் என்பதும் இங்கிருந்தே தெரியும். முழுதாக மிதிக்கும்போது ஈஜிஆர் மூடிக்கொள்ளும். ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும்தான் அது நன்றாகத் திறந்திருக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, நாலு கிலோமீட்டரில் திரும்பி வந்து நிற்கும் கார், ஏசி ஓடியபடி மணிக்கணக்கில் நிற்கும் வாடகை வண்டி இவற்றில் அடைப்பு சீக்கிரம் வரும். நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி வரை வாரம் இரண்டு முறை போய்வரும் அதே மாடல் வண்டியில் ஒன்றரை லட்சம் ஓடியும் வால்வு பரவாயில்லாமல் இருக்கும்.

காசு செலவழிக்கும் முன் பத்து நிமிடம்

இன்ஜின் ஓடும்போதே சென்சார் எண்களை (லைவ் டேட்டா) காட்டும் ஸ்கேனர் ஒன்று போதும். கோட்டை உடனே அழித்துவிடாதீர்கள். கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், வெப்பம், சுமை எல்லாம் அதோடு பதிவாகியிருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் 80 டிகிரி தாண்டியதும் ஏசியை அணைத்து ஐடிலில் விட்டு, காற்றளவு சென்சார் காட்டும் எண்ணைப் பாருங்கள். நம்ம 1,248 சிசி இன்ஜினுக்கு அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். நாலு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சிசி. 30 டிகிரி வெயிலில் ஒரு சிசி காற்றின் எடை சுமார் 1.16 மில்லிகிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பினால் 362 மில்லிகிராம்; நடைமுறையில் அதில் 85 முதல் 90 சதவீதம் என்று வைத்தால் 310 முதல் 325. ஐடில் 850 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 28 முறை காற்றை இழுக்கிறது. ஆக ஈஜிஆர் முழுதாக மூடியிருக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 9 கிராம் காற்று வர வேண்டும். ஈஜிஆர் திறந்தால் புகை உள்ளே வந்து காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண் 5, 6 கிராமுக்கு இறங்கும்.

இப்போது ஸ்கேனரின் ஆக்சுவேட்டர் டெஸ்டில் வால்வைத் திறக்கவும் மூடவும் சொல்லுங்கள். 9-இலிருந்து 6-க்கு இறங்கி, மூடியதும் உடனே 9-க்கு ஏறினால் வால்வும் பாதையும் நன்றாகவே இருக்கின்றன; கோடு வேறு காரணத்தால் வந்தது. 9-இலேயே நின்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது பாதை அடைத்திருக்கிறது. 6-இலேயே நின்றால் வால்வு மூடவில்லை. ஆனால் இந்தக் கடைசி நிலையில் ஒரு பொறி இருக்கிறது: சென்சாருக்குப் பிறகு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் எங்காவது கிழிந்திருந்தாலும், அளக்கப்படாத காற்று அந்த வழியே நுழைந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். ஹோஸின் அடிப்பக்கத்தில் ஆயில் ஈரம் தெரிகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சில கார்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐடிலில் நின்றால் கம்ப்யூட்டரே ஈஜிஆரை மூடிவிடும். அப்படியானால் ஒரு முறை ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

காற்றளவு சென்சாரே அழுக்காக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். பல டீசல் கார்களில் கம்ப்யூட்டர் ஈஜிஆரை எவ்வளவு திறப்பது என்று முடிவெடுப்பதே அந்த சென்சாரின் எண்ணை வைத்துத்தான். சென்சார் குறைத்துச் சொன்னால் புகை ஏற்கெனவே போதும் என்று நினைத்து வால்வைத் திறக்காமலே விட்டுவிடும். ஈஜிஆர் முழுதாக மூடியும், ஹோஸ் நன்றாக இருந்தும் 9 வரவேண்டிய இடத்தில் 7 வந்தால் முதலில் அந்த சென்சாரை அதற்கென்றே விற்கும் கிளீனரால் சுத்தம் செய்து பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரை அதில் அடிக்கக் கூடாது. உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு கெட்டுவிடும்.

வாக்குவத்தில் இயங்கும் பழைய வால்வுகளுக்கு ஸ்கேனர்கூட வேண்டாம். கையால் இழுக்கும் வாக்குவம் பம்பை மாட்டி 400 மி.மீ. மெர்க்குரி அளவுக்கு இழுங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது நடுங்கவோ அணையவோ வேண்டும். முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் வால்வை இழுக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் தாள் கிழிந்திருக்கிறது, கழுவிப் பயனில்லை.

ஸ்பிரே

காற்று போகும் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஓட ஓட உள்ளே நுரைக்கிளீனர் அடிக்கும் முறை இது. அரை மணி வேலை, எதையும் பிரிக்க வேண்டாம். வால்வில் மெல்லிய ஈரக் கரி மட்டும் இருக்கும் வண்டிக்கு, 30 அல்லது 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை பராமரிப்பாகச் செய்யலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஓடாகக் காய்ந்த கரி ஊறுவதற்கே மணிக்கணக்கு வேண்டும். ஓடும் காற்றில் ஒரு நொடி பட்டுப் போகும் திரவம் அதை ஒன்றும் செய்யாது.

செய்வதானால் சென்சாரைத் தாண்டி, இன்டர்கூலரையும் தாண்டி, த்ராட்டில் பக்கம்தான் அடிக்க வேண்டும். இன்டர்கூலருக்கு முன்னால் அடித்தால் திரவம் அதன் அடியில் தேங்கும். பிறகு ஒருநாள் வேகமாக மிதிக்கும்போது அத்தனையும் ஒரே மூச்சில் சிலிண்டருக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு எரியக்கூடிய எந்த ஆவியும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் அணையாமல் இன்ஜின் தானே ஏறிக்கொண்டே போவதை ரன்அவே என்பார்கள். ஸ்பிரேயை நிறுத்தாமல் அடித்தால் நடக்கக்கூடியது அதுதான். 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஒரு நொடி அடித்து, சத்தம் பழையபடி ஆன பிறகே அடுத்தது. அவசரத்துக்குக் காற்று வாயை மூட ஒரு மரப்பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துணி வேண்டாம், இன்ஜின் அதை உள்ளே இழுத்துவிடும்.

டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ் 6 வண்டிகளில் இதை நான் சொல்ல மாட்டேன். பெயர்ந்த கரி எல்லாம் போய்ச் சேரும் இடம் அந்த ஃபில்டர்தான்.

இதோடு சேர்த்து விற்கப்படும் இரண்டு சமாச்சாரங்கள் பற்றி ஒரு வார்த்தை. டேங்கில் ஊற்றும் ஈஜிஆர் கிளீனர் திரவம் டீசலோடு இன்ஜெக்டர் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது. ஈஜிஆர் வால்வை அது திரவமாகத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் நுனி சுத்தமாகிப் புகை குறைந்தால் மறைமுகமாக நல்லது, அவ்வளவே. ஹைட்ரஜன் வாயு விட்டுக் கரி நீக்கும் மெஷினும் அப்படித்தான். புகைக்கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். மேனிஃபோல்டின் சுவர் 100 டிகிரியைத் தொட்டாலே அதிகம். அங்கே எது எரியும்?

கழற்றிக் கழுவுதல்

வால்வின் மோட்டாரும் சென்சாரும் நன்றாக இருந்து, கரி மட்டும்தான் பிரச்சினை என்றால் இதுதான் சரியான வழி. நல்ல கை ஒன்று இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம். மேனிஃபோல்டையும் இறக்கினால் ஒரு நாள்.

இன்ஜின் முழுதாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். போல்டுகள் சூட்டில் வெந்து வெந்து இறுகியிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. வராத போல்டை முறுக்கி உடைத்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் துளை போட வேண்டியிருக்கும், அது வேறு செலவு. வால்வோடு, புகையைக் குளிர்விக்கும் கூலரும் சேர்ந்த வடிவமானால் கூலன்ட்டை முதலில் வடித்துவிடுங்கள். புது கேஸ்கட்டுகளைக் கையில் வாங்கி வைத்த பிறகே பிரியுங்கள். பழைய உலோக கேஸ்கட் ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். அதையே திரும்பப் போட்டால் புகை கசியும், "உஸ்" என்ற சத்தம் வரும், கோடும் திரும்பி வரும்.

கழற்றிய வால்வை அப்படியே வாளியில் முக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உலோகப் பக்கம் மட்டும் கீழே இருக்கும்படி ஒரு டப்பாவில் நிறுத்தி, மண்ணெண்ணெயோ ஈஜிஆர் கிளீனரோ வால்வுத் தலை மூழ்கும் உயரத்துக்கு ஊற்றுங்கள். மோட்டாரும் கனெக்டரும் நனையவே கூடாது. இரண்டு மணி நேரம் ஊறிய பிறகு நைலான் பிரஷ், மரக்குச்சி, பழைய பிளாஸ்டிக் கார்டு இவற்றால் சுரண்டுங்கள். வால்வு உட்காரும் விளிம்பில் கம்பி பிரஷோ உளியோ பட்டால் கீறல் விழும், கீறலில் புகை கசியும். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் பளிச்சென்று வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலுமினிய உடலைக் காஸ்டிக் அரித்துவிடும். பெட்ரோலும் வேண்டாம். வொர்க்ஷாப்பில் வெல்டிங் நடக்கும் மூலையிலிருந்து அதன் ஆவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

மோட்டார் வகை வால்வை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது; ஒரு பல் போனாலும் கழுவ வந்த வால்வு குப்பைக்குப் போகும். விரலால் மெதுவாக அழுத்தி, விட்டதும் ஸ்பிரிங் அதை முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு மூடிய வால்வின் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நிமிடம் வைத்திருங்கள். துளித்துளியாகக் கசிந்தால் ஓடவிட்டுப் பார்க்கலாம். தாரையாக ஒழுகினால் இன்னும் கரி இருக்கிறது, அல்லது விளிம்பு தேய்ந்துவிட்டது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? அப்படியானால் கழுவலை அங்கேயே நிறுத்திவிட்டுப் புது வால்வுக்குச் சொல்லிவிடுங்கள்.

வால்வு வெளியே இருக்கும்போதே டார்ச்சை மேனிஃபோல்டுக்குள் அடித்துப் பாருங்கள். பலர் இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடுகிறார்கள். உள் விட்டத்தில் கால்வாசிக்கு மேல் கரி அடைத்திருந்தால் மேனிஃபோல்டையும் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்காமல் உள்ளேயே சுரண்டினால் கட்டியாக உடைந்து வால்வு சீட்டுக்கோ டர்போவுக்கோ போகும். இறக்கினால் சிலிண்டர் ஹெட் துளைகளை உடனே துணியால் அடையுங்கள், எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். காற்றைச் சுழலவிடும் தட்டுகள் உள்ள மேனிஃபோல்டில் அந்தத் தட்டுகளை வளைத்துத் திருப்ப வேண்டாம். அச்சு தேய்ந்து ஒரு தட்டு கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் இன்ஜினே போய்விடும்.

கூலரை மறக்காதீர்கள். வெளியே ஒழுகல் இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப்புகை வருகிறது என்றால் கூலர் உள்ளுக்குள் கசிகிறது. தண்ணீர்ப் பக்கத்தை அடைத்து 1 பார் காற்று விட்டுத் தொட்டியில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கசியும் கூலரைக் கழுவி மாட்டுவதில் பொருளில்லை. 2018-இல் பிஎம்டபிள்யூ தென்கொரியாவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான். கூலரிலிருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகையில் தீப்பிடித்தது.

திரும்ப மாட்டும்போது 6 மி.மீ. போல்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்டுக்கு 20 முதல் 25 போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. பிறகு ஸ்கேனரில் ஈஜிஆர் லேர்னிங் கொடுக்க வேண்டும், அதாவது வால்வின் புதிய மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கரி போனதும் வால்வு முன்பைவிட ஆழமாகப் போய் உட்காரும். பழைய மூடிய நிலையையே கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்தால், நன்றாகக் கழுவிய வால்வுக்கும் நிலை சரியில்லை என்று பி0404 போடும். "கழுவினேன், அப்புறம்தான் அதிகமாகிவிட்டது" என்ற புகார்களில் பல இந்த ஒரு படியை விட்டதால் வருபவை.

புது வால்வு

தீர்மானிப்பது எளிது. பி0403, பி0405, பி0406 என்று மின்பக்கக் கோடுகள் வந்து, வயரும் கனெக்டரும் நன்றாக இருந்தால் வால்வு மாற்ற வேண்டியதுதான். தண்டு ஆடினால், டயஃப்ரம் கிழிந்தால், பல்சக்கரம் போனால் அப்படியே. ஆனால் வயரைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். கனெக்டரில் 5 வோல்ட் ரெஃபரன்ஸ் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் அளக்க ஐந்து நிமிடம் போதும். எலி கடித்த வயருக்குப் புது வால்வு மருந்தாகாது.

கம்பெனி பாகமா, வெளிச்சந்தை பாகமா என்ற கேள்விக்கு என் பதில்: வால்வு தயாரிக்கும் அதே நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்பது கிடைத்தால் அதை வாங்குங்கள். பெயரே இல்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதில், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சாரின் அளவு கொஞ்சம் மாறினாலும் லேர்னிங் ஏறாது. பிரித்தெடுத்த பழைய வால்வு வாங்குவதானால் தண்டு ஆட்டத்தையும் மண்ணெண்ணெய் சோதனையையும் கடையிலேயே முடித்துவிடுங்கள். மேனிஃபோல்டு கரியோடு இருக்க அதில் புது வால்வை மாட்டுவது, அடைத்த சாக்கடைக்குப் புது மூடி போடுவது மாதிரிதான்.

பிளேட்

ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை கேஸ்கட் வடிவத்தில் வெட்டிப் பாதையில் வைத்துவிடுவார்கள். கையில் காசு கம்மி, வண்டி ஓடினால்தான் சோறு என்கிறவருக்கு இது கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. இழுவை உடனே கூடும். கரி சேர்வதும் நிற்கும். இதை மறுக்க முடியாது.

அதற்குக் கொடுக்கும் விலை இது. முதலாவது, கம்ப்யூட்டர் புகையைத் தேடும், காணாது, பி0401 போடும். பல வண்டிகளில் இன்ஜின் சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போய் இழுவை பழையதைவிடக் குறையும். நடுவில் 8 மி.மீ. துளை போட்ட பிளேட் என்று ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. சில வண்டிகளில் கோடு வராமல் போகலாம், ஆனால் துளை வழியாகக் கரி வருவதும் நிற்காது. அப்புறம் மென்பொருளிலும் கை வைக்கிறார்கள். அந்த மென்பொருளை எழுதியவர் வேறு எதையெல்லாம் மாற்றினார் என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

இரண்டாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றத் தடை சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாசு வரம்பை மீறி ஓட்டினால் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை. பொல்யூஷன் டெஸ்டில் பாஸாகிவிடுகிறதே என்பார்கள். பாஸாகத்தான் செய்யும். டீசலுக்கு அந்த டெஸ்ட் அளப்பது புகையின் கருமையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடை அது பார்ப்பதே இல்லை. ஈஜிஆரை அடைத்தால் கருமை குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு ஏறும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவில் இருக்கும் குழந்தை மூச்சிழுப்பது அந்தக் காற்றைத்தான்.

நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரோடும் யூரியாத் தொட்டியோடும் வரும் பிஎஸ் 6 வண்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சென்சார் கண்டுபிடிக்கும், வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எந்த வண்டிக்கு எது

50 ஆயிரம் ஓடிய, கோடு எதுவும் இல்லாத, ஆக்சுவேட்டர் டெஸ்டில் எண் நன்றாக ஏறி இறங்கும் வண்டிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். விருப்பமானால் ஸ்பிரே. நகரத்துக்குள் 80 ஆயிரம் தாண்டி எண் மந்தமாக நகர்ந்தால் கழற்றிக் கழுவுங்கள். ஒன்றரை லட்சம் தாண்டி முதல் முறை பிரிக்கிறீர்கள் என்றால் மேனிஃபோல்டையும் சேர்த்து இறக்கும்படி முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் முறை கூலி மிச்சம். மின்பக்கக் கோடோ தேய்மானமோ இருந்தால் புது வால்வு, அதோடு மேனிஃபோல்டு கழுவலும். வண்டியை ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்கள் என்றாலும் பிளேட் போடாதீர்கள். வாங்க வருகிறவர் ஸ்கேனரோடு வந்தால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

கழுவிய கையோடு கரி சேர்ந்த காரணத்தையும் தேடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் 70 டிகிரியைத் தாண்டாமல் குளிர்ந்தே ஓடும், கரி அதிகம் வரும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டியும் ஸ்கேனரில் 80 வரவில்லை என்றால் அதை மாற்றுங்கள். இன்ஜெக்டர்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் அளவை நாலு குழாயிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; கூடுதல் அரை லிட்டர் ஆவியாகி மேனிஃபோல்டில்தான் படியும். டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினால் ஆயில் தேங்கி நிற்கிறதென்றால் கிராங்க் கேஸ் வென்ட் அடைத்திருக்கும், அல்லது டர்போ சீல் போயிருக்கும்.

கடைசியாக, வேலை முடிந்த அன்றே சூடான இன்ஜினில் அந்தக் காற்றளவு எண்களை மறுபடி எடுத்து, திறந்தபோது எவ்வளவு, மூடியபோது எவ்வளவு என்று கிலோமீட்டரோடு சேர்த்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த சர்வீஸில் 9-க்கும் 6-க்கும் இடையில் இருந்த அந்த மூன்று கிராம் இடைவெளி ஒன்றரையாகச் சுருங்கியிருந்தால், மஞ்சள் விளக்கு எரியும் முன்பே ஸ்பானரை எடுக்கலாம்.